வாசித்துக் காட்டுங்கள், சேர்த்துக்கொள்கிறோம்

திருப்பரங்குன்றத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கட்டற்ற மென்பொருள்காரர்கள், அதாவது யாரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் விட்டு மென்பொருள் எழுதுகிறவர்கள், கூடுகிறோம். கல்லூரியில் படிக்கிறவர்கள், கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள், என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் என்று கலவையான கூட்டம். போன தடவை ஒரு விரிவுரையாளர் எழுந்து கேட்டார். "மேடம், இப்ப புரோகிராமை ஏஐ எழுதுது, ஏஐயே செக் பண்ணுது. நீங்க மட்டும் இன்னும் ஆளை உக்கார வச்சு வாசிக்கச் சொல்றீங்களாமே, எதுக்கு?"

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வாசிக்க முடியாததை நான் வாங்குறதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அது பதில் இல்லை, வெடுக்கென்று வாயில் வந்த சொல். பதிலை இங்கே எழுதுகிறேன். கேட்டவரும் சிரித்தவர்களும் பொறுமையாகப் படிக்கட்டும்.

என் பெயர் எஸ்தர். மதுரையில் ஒரு மிஷன் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தவள். அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். நான் கணக்கில் பட்டம் வாங்கி, டைப்ரைட்டிங் முடித்து, ஒரு சர்ட்டிபிகேட் படிப்பும் படித்து உள்ளே போனபோது கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. கோயில் கருவறை மாதிரி அதைக் காப்பாற்றினார்கள். மற்றதெல்லாம் வேலையில் கற்றது. அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, எல்லாரும் அப்படித்தான் கற்றோம்.

எங்கள் பிரிவின் தலைவர் ஜெபமணி சார். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு வந்தவர். வெள்ளைச் சட்டை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. யாரையும் அவர் பாராட்டி நான் கேட்டதில்லை. வேலை சரியாக இருந்தால் "சரி, அடுத்தது" என்பார். அதைக் கேட்பதற்காகவே நாங்கள் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தோம்.

அந்த நாளில் மருந்தகத்துக்கு விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் ஒன்று இருந்தது. விற்ற கம்பெனி ஒருநாள் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டது. மென்பொருள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் புதிதாக ஒரு மருந்தின் பெயரைச் சேர்க்க வேண்டுமென்றாலும் முடியவில்லை. அதன் நிரல், அதாவது அது என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய வரிகள், எங்களிடம் இல்லை; வைத்திருந்தவர்கள் போனை எடுக்கவில்லை. ஜெபமணி சார் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். "எஸ்தர், நம்மளால திறந்து பாக்க முடியாத பெட்டி இனிமே இந்தக் காம்பவுண்டுக்குள்ள வரக் கூடாது. நாமளே எழுதுவோம். எழுதுனதை யாரு வேணாலும் திறந்து பாக்கட்டும்."

அப்படி எழுதியதுதான் 'வேளை'. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மருந்து உறையின் மேல் ஒட்டுகிற சீட்டை அச்சடித்துக் கொடுக்கும். காலை, மதியம், இரவு எவ்வளவு சாப்பிட வேண்டும், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று பெரிய தமிழ் எழுத்தில் இருக்கும். நிரலையும் சேர்த்து இணையத்தில் ஒரு பொதுத் தளத்தில் வைத்தோம், யாரும் எடுக்கலாம், திருத்தி எங்களுக்கு அனுப்பலாம். சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளும் கிராமத்து மருந்தகங்களும் எடுத்துக்கொண்டன. கேட்காமலேயே எடுத்துக்கொள்ளலாம் என்பதை நம்பாமல் அனுமதிக் கடிதம் எழுதியவர்களும் உண்டு.

இனி அந்த வாசிப்பு. வேளைக்குள் ஒரே ஒரு வரியை மாற்றுவதென்றாலும், எழுதியவர் அதை இன்னொருவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். கேட்பவர் அதை எழுதியவராக இருக்கக் கூடாது. கேட்பவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். "திரையைப் பாத்தா கண்ணு நம்பிரும். காது அம்புட்டு லேசுல நம்பாது" என்பார் சார். வாசிக்கிறவர் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று தமிழில் சொல்ல வேண்டும். பாதியில், கேட்பவர் ஒரு கற்பனை நோயாளியைக் கொடுப்பார். பெயர் வேண்டாம், மருந்தும் அளவும் போதும். அந்த நோயாளியைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவது போல வரி வரியாக நிரலுக்குள் கூட்டிப்போய், கடைசியில் சீட்டில் என்ன அச்சாகும் என்று சொல்லி முடிக்க வேண்டும். நடுவில் யாராவது "அது வந்து..." என்று இழுத்தால் சார் கையை உயர்த்துவார். அவ்வளவுதான், அன்றைக்கு வாசிப்பு முடிந்தது. திட்டமாட்டார். கிராம்பை மென்றுகொண்டே எழுந்து போய்விடுவார்.

"எதுக்கு சார் இம்புட்டு?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் என்னை வார்டுக்குக் கூட்டிப் போனார். ஒரு நர்ஸ் ஊசிமருந்தின் பெயரையும் அளவையும் இன்னொரு நர்ஸிடம் வாய்விட்டுச் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகு ஊசி போட்டார். "அவுகளை விட நாம ஒசத்தியா?" என்று கேட்டார் சார்.

சார் ஓய்வு பெற்று, சில வருடங்களில் இறந்தும் போனார். பிறகு நான் ஓய்வு பெற்றேன். வேளையை மட்டும் விடவில்லை. வந்த திருத்தத்தை மென்பொருளுக்குள் சேர்க்கும் உரிமையை நாங்கள் சாவி என்போம். அந்தச் சாவி என்னிடமே இருந்தது. எனக்குத் துணையாக இருப்பவர் செல்லூர் கண்ணன். வீட்டில் கீழே விசைத்தறி ஓடும், இவர் மாடியில் உட்கார்ந்து வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்ப்பார். போனில் பேசினால் பின்னால் தறிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். என்னைவிட வேகமானவர், கெட்டிக்காரர். அதில் எனக்குப் பெருமைதான்.

முன்பெல்லாம் வேளைக்கு எப்போதாவது ஒரு திருத்தம் வரும். இப்போது காலையில் திறந்தால் குவிந்து கிடக்கிறது. ஏஐ எந்திரத்தை வைத்து இல்லாத பிழையைக் கண்டுபிடித்து, அதற்குத் திருத்தமும் எழுதி, பணிவாக நன்றியும் சொல்லியிருப்பார்கள். அனுப்பியவரிடம் ஒரு கேள்வி கேட்டால் அதற்கும் எந்திரமே பதில் எழுதும். உலகம் முழுக்க இதே கதைதான். சம்பளம் இல்லாமல் பராமரிக்கிறவர்கள் சலித்துப்போய்க் கதவைச் சாத்துகிறார்கள். சில குழுக்கள் எந்திரம் எழுதியதை வாங்கவே மாட்டோம் என்றுவிட்டன. சில குழுக்கள், அனுப்புகிறவர் பொறுப்பேற்றால் போதும் என்கின்றன. நான் இரண்டு பக்கமும் சேரவில்லை. எந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தான் அனுப்புவதைத் தானே படிக்காதவர்கள் மேல்தான் கோபம்.

இந்த நேரத்தில்தான் சோதனை வந்தது. காசு கொடுத்து வாங்கிய பழைய இயங்குதளத்துக்கு இனி பாதுகாப்புத் திருத்தம் வராது என்று ஆனதும், சின்ன ஆஸ்பத்திரிகள் பல அதே பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டன. எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சீட்டு அடிக்கிற பிரிண்டர்கள் புது இடத்தில் முரண்டு பிடித்தன. சீட்டு பாதி அச்சாகி நின்றது, இல்லாவிட்டால் வெள்ளையாக வந்தது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தார். "மேடம், கையாலதான் எழுதிக் குடுக்குறோம். கூட்டம் அம்முது. எழுத்து புரியலைன்னு திரும்பத் திரும்ப வாராக. எப்ப சரியாகும்?" பார்க்கிறேன் என்றேன். நானும் கண்ணனும் பல நாள் மல்லுக்கட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போது 'மழைத்துளி' என்ற பெயரில் ஒருவர் ஒரு பெரிய திருத்தத்தை அனுப்பினார். பிரிண்டர் சிக்கல் தீர்ந்தது. கண்ணன் செல்லூரில் ஒரு பிரிண்டரை வைத்து ஓட்டிப் பார்த்தார், சீட்டு பளிச்சென்று வந்தது. அதோடு விடவில்லை, அளவைக் கணக்கிடுகிற பழைய பகுதியையும் மழைத்துளி முழுக்கத் திருத்தி எழுதியிருந்தார். எங்கள் நிரலைத் தானாகவே ஓட்டிப் பார்த்து, எதிர்பார்த்த விடை வந்தால் பச்சை காட்டுகிற சோதனைகள் உண்டு. அத்தனையும் பச்சை காட்டின.

கண்ணன் உடனே போன் செய்தார். "எஸ்தரக்கா, சேத்துருவமா? ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

"யாராவது வாசிச்சாங்களா?"

"பொதுவுல பாத்தவுக எல்லாரும் சூப்பர்ன்னு போட்டுருக்காங்கக்கா."

"அவுக வாசிச்சாங்களா, அவுக ஏஐ வாசிச்சுச்சா?"

கண்ணன் தறிச்சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "இம்புட்டுப் பெரிய மாத்தத்தை யாருக்கா உக்காந்து வாசிக்கிறது? காலம் மாறிருச்சு" என்றார்.

மழைத்துளிக்கு எழுதினேன். நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டும், நேரிலோ அழைப்பிலோ. பதிலாக நீளமான, அழகான ஆங்கிலத்தில் ஒரு விளக்கம் வந்தது. அதில் ஒரு பிசிறு இல்லை, பின்னால் ஓர் ஆளும் இல்லை. நான் மறுபடி அதையே எழுதினேன். பொதுத் தளத்தில் பேச்சு சூடானது. முகம் தெரியாத ஒருவர், ஒரு பாட்டியின் பிடிவாதத்துக்காக நோயாளிகள் காத்திருக்க வேண்டுமா, சாவியை இளையவர்களிடம் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கட்டுமே என்று எழுதினார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, பேரப்பிள்ளைக்கு எங்கே போவது! சிரித்தேன். ஆனால் வலித்தது. அந்த உசிலம்பட்டி நர்ஸின் குரல் காதிலேயே இருந்தது. நான் சரியென்று ஒரு சொல் சொன்னால் அவருக்கு நாளைக்கே சீட்டு வரும். சொல்லாமல் இருப்பது நானா, என் வீம்பா என்று சந்தேகமாக இருந்தது. தூக்கம் பிடிக்கவில்லை. ஆனாலும் சாவியைத் திருப்பவில்லை. வாசிக்காமல் சேர்ப்பதில்லை, யார் என்ன சொன்னாலும் இதுதான் என்று ஒரே வரியில் பொதுவில் எழுதினேன்.

சில நாள் சத்தமே இல்லை. பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்தத் தடவை தமிழில், நாலைந்து எழுத்துப்பிழையோடு. "அம்மா, நான்தான் மழைத்துளி. பெயர் சரவணன். அலங்காநல்லூரில் இருக்கிறேன். நேரில் வரலாமா?"

அமெரிக்காவா, பெங்களூரா என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருந்திருக்கிறார்.

சனிக்கிழமை மதியம், வெளிநோயாளிகள் கூட்டம் வடிந்த பிறகு, மருத்துவமனை மருந்தகத்தின் பின்னறையில் கூடினோம். கேட்பதற்கு அமலியைக் கூப்பிட்டிருந்தேன். அமலி அங்கே பார்மசிஸ்ட், ஜெபமணி சார் காலத்திலிருந்தே எங்கள் வாசிப்புகளைக் கேட்டவள். கண்ணன் வண்டியில் வந்தார். சரவணன் வந்தபோது நாங்கள் எதிர்பார்த்த இளைஞன் இல்லை. முன்தலை நரைத்த, நாற்பதைத் தாண்டிய மனிதர். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தவர். ஆள்குறைப்பில் வேலை போய், குடும்பத்தோடு மாமனார் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஒரு இண்டர்வியூ இருக்கும்மா" என்றார் தயக்கத்தோடு. "இந்த வயசுல என்னையக் கூப்பிடுறதே பெருசு. இப்படிப் பொதுவுல இருக்குற மென்பொருளுக்கு என்ன செஞ்சீங்கன்னு கேப்பாக. வேளையில என் மாத்தம் பூராவும் சேந்துருச்சுன்னு காட்டுனா ஒரு மதிப்பு."

கண்ணன் என்னைப் பார்த்தார். நான் நாற்காலியைக் காட்டினேன். அமலி தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சரவணனுக்கு விதிகளைச் சொன்னேன். அவர் வாசிக்க ஆரம்பித்தார்.

பிரிண்டர் பகுதியை அவர் வாசித்ததை நான் மறக்க மாட்டேன். எந்த வரி எதற்கு, எதை முயன்று தோற்றார், ஏன் அந்த இடத்தில் கொஞ்சம் காத்திருக்க வைக்கிறார் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பிரிண்டரோடு தனியாகப் போராடி ஜெயித்த மனிதரின் குரல் அது. "சரி, அடுத்தது" என்று என்னை அறியாமல் சொன்னேன்.

அடுத்தது அளவுப் பகுதி. குரல் இறங்கியது. பழைய நிரலில் ஒரே மாதிரி இரண்டு துண்டுகள் இருந்தன, அவற்றை ஒன்றாக்கியிருக்கிறது என்று வாசித்தார். 'ஆக்கியிருக்கிறேன்' என்று அவர் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

அமலி சுவரைப் பார்த்தபடியே, "ஒரு பேஷண்ட் தாரேன், கூட்டிட்டுப் போங்க. வயசானவர், இதய மாத்திரை. காலையில அரை, அஞ்சு நாளைக்கு" என்றாள்.

சரவணன் விரலைத் திரையில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். "அரை உள்ள வருது. அஞ்சு நாளு. மொத்தம் ரெண்டரை. ரெண்டரை மாத்திரையை எடுத்துக் குடுக்க முடியாது, அதனால மேல முழுசாக்கி மூணு. சரி. அடுத்து ஒரு வேளைக்கு எம்புட்டுன்னு சீட்டுல அடிக்கணும். அதுக்கும் இதே துண்டுக்குத்தான் வருது. அரை உள்ள வருது. அது வந்து..."

நான் கையை உயர்த்தவில்லை. அவரே நின்றுவிட்டார். விரல் அந்த வரியின் மேலேயே இருந்தது.

"ஒண்ணுன்னு அடிக்கும்" என்றார். "அரைக்குப் பதிலா ஒண்ணு."

மொத்தம் எத்தனை மாத்திரை எடுத்துத் தர வேண்டும் என்பதை முழுசாக்கலாம், ஒரு வேளைக்கு எவ்வளவு என்பதை முழுசாக்கக் கூடாது. அதனால்தான் அந்த இரண்டு துண்டுகளையும் ஜெபமணி சார் தனித்தனியாக எழுதினார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் அச்சாக ஒன்றுதான், முழுசாக்குகிற வரி மட்டும் ஒன்றில் இருக்காது. எந்திரத்துக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

"ஆனா டெஸ்ட் பச்சை காட்டுச்சே!" என்றார் கண்ணன். அரை மாத்திரைக்கென்றே ஒரு சோதனை உண்டு. சரவணன் அதைத் திறந்தார். புதுக் கணக்குக்குத் தோதாக அந்தச் சோதனையின் விடையையும் ஒன்று என்று எந்திரம் மாற்றி வைத்திருந்தது. பழைய தவறு திருத்தப்பட்டது என்று பக்கத்தில் குறிப்பு வேறு. எந்திரம் எழுத, எந்திரம் சோதிக்க, எந்திரங்களே கைதட்டியிருக்கின்றன. நடுவில் ஒரு கிழவர் தினமும் இரண்டு மடங்கு மாத்திரை விழுங்கியிருப்பார்.

சரவணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிரிண்டர் பார்ட் நான் எழுதுனதும்மா. இதை நான் எழுதல. பெருசாத் தெரியட்டும்னு சேத்து அனுப்பிட்டேன். எங்க மாமனாரும் அரை மாத்திரைதான் சாப்புடுறாரு."

எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு நான் உறுதியாக நின்றது சரிதான் என்ற நிம்மதிகூட உடனே வரவில்லை. பயம்தான் வந்தது. கண்ணன் வெளியே போய் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார்.

டீ குடித்து முடித்ததும் வேலையைப் பார்த்தோம். அளவுப் பகுதியையும் மாற்றிய சோதனையையும் தூக்கிப் போட்டோம். சரவணன் வாசித்துக் காட்டிய பிரிண்டர் பகுதியை மட்டும், அவர் பெயரிலேயே, அங்கேயே உட்கார்ந்து சேர்த்தோம். உசிலம்பட்டி நர்ஸுக்கு நானே போன் செய்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் சீட்டைப் படமெடுத்து அனுப்பினார். 'காலை ½' என்று தெளிவாக அச்சாகியிருந்தது. அதை எல்லாருக்கும் காட்டினேன்.

சரவணனுக்கு அந்த வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அது எனக்கு வருத்தம்தான். ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருகிறார். அவர் அனுப்புகிற திருத்தங்கள் இப்போது சின்னதாக இருக்கின்றன. எந்திரத்தின் உதவி இருந்தால் இருந்தது என்று சொல்கிறார், வாசித்தும் காட்டுகிறார்.

சாவியைக் கொடுத்துவிட்டு ஓய்வெடு என்று சொன்னார்கள் அல்லவா, அதையும் செய்துவிட்டேன். இப்போது வேளைக்கு இரண்டு சாவிகள். இரண்டையும் சேர்த்துத் திருப்பினால்தான் எதுவும் உள்ளே போகும். ஒன்று கண்ணனிடம். இன்னொன்றை அமலியிடம் கொடுத்தேன்.

கண்ணன் பதறிப்போனார். "அக்கா, அமலியக்கா ஒரு வரி புரோகிராம் எழுதுனதில்லையே!"

"அதான் அவ கையில குடுக்குறேன். எழுதுறவன் சாவி உன்கிட்ட இருக்கட்டும். கேக்குறவ சாவி அவகிட்ட இருக்கட்டும்."

பொதுத் தளத்தில் இதற்கும் கேலி வந்தது. வரட்டும். சிலர் கோபித்துக்கொண்டு நிரலை நகலெடுத்துத் தனியாக நடத்தப் போவதாகச் சொன்னார்கள். தாராளமாகச் செய்யலாம், அதற்குத்தானே திறந்து வைத்திருக்கிறோம். எங்கள் வேளைக்குள் வர வேண்டுமென்றால் மட்டும் வாசிக்க வேண்டும்.

புதுச் சாவிகள் வந்த பிறகு முதலில் வந்த திருத்தம் என்னுடையது. சொட்டு மருந்துக்கான சீட்டில் சின்ன மாற்றம். முழுக்க நானே எழுதியது. மருந்தகத்தின் பின்னறைக்குப் போனேன். அமலி நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். "வாசிங்கக்கா" என்றாள்.

இத்தனை வருட அனுபவத்தோடு கணீரென்று ஆரம்பித்தேன். அவள் ஒரு கைக்குழந்தையைக் கொடுத்தாள், இரண்டு கண்ணுக்கும் சொட்டு மருந்து. குழந்தையைக் கூட்டிக்கொண்டு பாதி தூரம் போயிருப்பேன். "அது வந்து..." என்றேன்.

அமலி திரும்பிப் பார்க்கவே இல்லை. கையை மட்டும் உயர்த்தினாள்.

நான் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டுப் பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன்.